தெரேசா சொன்ன ருசி

சாப்பாட்டு வண்டிக்கு நாலு சக்கரம். அதில் ஒன்று சுற்றாது, இழுபட்டுக்கொண்டே வரும். அந்தச் சத்தம் நடைபாதையின் கோடியில் கேட்டதுமே எலும்பு முறிவு வாட்டில் இருக்கும் பெண்கள் எல்லாரும் தங்கள் தட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தட்டும் கோப்பையும் ஆஸ்பத்திரியில் தரமாட்டார்கள். வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ஒருத்தியிடம் பூப்போட்ட மெலமைன் தட்டு இருக்கும், இன்னொருத்தியிடம் நெளிந்த எவர்சில்வர் தட்டு. நடக்க முடிந்தவர்கள் வாசல்வரை போய் வாங்கிக்கொள்வார்கள். முடியாதவர்களுக்கு வாட்டு வேலைக்காரி சோமாவதி வாங்கிவந்து வைப்பாள்.

பதினோராம் கட்டில் நாகலெட்சுமி மட்டும் அந்தச் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வாள், தூங்குகிறவள் மாதிரி.

அவள் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவள். வயது ஐம்பத்தொன்று. ஆனி மாதத்து அடைமழையில், பகல் கொழுந்தை நிறுக்கக் கொண்டுபோகும் வழியில்தான் அது நடந்தது. ஈரக் கொழுந்து கூடை நிறைய இருந்தது. மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கான் ஓரத்தில் காலை வைத்தாள். ஓரத்து மண் பொலபொலவென்று சரிந்தது. கூடையோடு கானுக்குள் விழுந்தவளுக்கு வலது தொடை எலும்பு உள்ளுக்குள்ளேயே முறிந்துபோனது. கூட வேலை செய்த பெண்கள் சாக்கில் படுக்கவைத்து ரோட்டுக்குத் தூக்கிவந்தார்கள். தோட்டத்து லொறி லிந்துலைவரைக்கும், அங்கிருந்து அம்புலன்ஸ் டவுன் பெரியாஸ்பத்திரிவரைக்கும்.

இங்கே காலுக்குப் பட்டி சுற்றி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த உருளை வழியாக ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். முறிந்த எலும்பு இழுபட்டு நேராக நிற்க வேண்டும். பிறகு ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைப்பார்கள். அதுவரைக்கும் மல்லாந்த படுக்கை. புரளக்கூடாது, எழுந்து உட்காரக்கூடாது.

மல்லாந்து கிடந்துகொண்டு சாப்பிடுவது லேசான காரியம் இல்லை. தலைக்கு ரெண்டு தலையணை வைத்து, தட்டை நெஞ்சுமேல் வைத்துக்கொள்ள வேண்டும். தட்டுக்குள் என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. கை தடவித்தான் கண்டுபிடிக்கும். இது பருப்பு, இது பூசணிக்காய், இது முட்டை. பருப்புத் தண்ணி விரலிடுக்கில் வழிந்து கழுத்துக்குள் ஓடும். சோற்றுப் பருக்கை முதுகுக்கடியில் போய்க் காய்ந்து, நாள் பூராவும் குத்தும். தேத்தண்ணியை உறிஞ்சினால் பாதி காதுக்குள் போகும். இதையெல்லாம் நாகலெட்சுமி ரெண்டு நாளில் பழகிக்கொண்டாள். பழக முடியாதது வேறு.

மூன்றாம் நாள் மத்தியானம் பெட்பேன் தேவைப்பட்டது. வாட்டில் ஒரே ஒரு மறைப்புத் தட்டிதான் உண்டு. அது அந்நேரம் கோடிக் கட்டிலில் ஒருத்திக்குப் புண் கட்டுவதற்குப் போயிருந்தது. சோமாவதி பெட்பேனை வைத்துவிட்டு, போர்வையை ரெண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோயாளி பார்க்கும் நேரம் முடிந்து, எதிர்க் கட்டிலுக்கு வந்த சொந்தக்காரர்கள் அப்போதுதான் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு ஆள் மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தான். பார்த்தானோ பார்க்கவில்லையோ, நாகலெட்சுமிக்கு உடம்பு முழுக்க விறைத்துப்போனது. வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தாள். உள்ளே போனால்தானே வெளியே வரும். போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

*

காலையில் பாணும் பருப்பும் வந்தால் பாணின் ஓரத்தை விட்டு, மெத்தென்ற நடுப்பகுதியை மட்டும் பிய்த்துத் தின்பாள். பகல் சோற்றில் ரெண்டு வாய். மிச்சத்தைப் பத்தாம் கட்டிலுக்கு நீட்டுவாள்.

பத்தாம் கட்டிலில் இருந்தது தெரேசா. ராகலைப் பக்கத்துத் தோட்டம், நாகலெட்சுமியைவிட நாலு வயது மூத்தவள். கணுக்காலில் தகடு வைத்த இடத்தில் சீழ் பிடித்து, ஒன்றரை மாதம், ஆறு கிழமைக்கு ஊசி போட வேண்டுமென்று கிடத்தியிருந்தார்கள். புருஷன் இல்லை. மகன்மார் ரெண்டு பேரும் கட்டார் நாட்டில் வேலைக்கு. அவளைப் பார்க்க யாரும் வந்து நாகலெட்சுமி கண்டதில்லை. நாலுகால் இரும்புச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் வாட்டு முழுக்கச் சுற்றுவாள். யாருக்கு முட்டை ஆகாது, யாருக்கு மீன் ஆகாது, போயாப் பௌர்ணமிக்கு மச்ச மாமிசம் தின்னாதவர்கள் யார் யார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு கட்டில் முட்டையை இன்னொரு கட்டில் மீனுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, நடுவில் தனக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்வாள். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் வந்து பேசினால்தான் அந்தச் சோறே தொண்டையில் இறங்குகிறது என்று சொன்னவர்களும் உண்டு.

முதல் ரெண்டு மூன்று தரம் தெரேசா ஒன்றும் கேட்காமல் வாங்கித் தின்றாள். பிறகு ஒருநாள், ஏன் நாகு இப்படிப் பண்ணுகிறாய் என்று கேட்டாள். பசியில்லை என்றாள் நாகலெட்சுமி. தெரேசா மேலே கேட்காமல் தட்டை வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாளிலிருந்து வீட்டுச் சாப்பாடும் வர ஆரம்பித்தது.

நாகலெட்சுமியின் புருஷன் வீரய்யாவுக்குத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மிசினில் வேலை. அந்த மாதம் இரவு முறை. மகள் கிருஷாந்தி கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். நாலு நாள் லீவில் வந்து தாயைப் பார்த்துவிட்டு, போக மனமில்லாமல் போனாள். போகும்போது தகப்பனுக்கு ரொட்டிக்கு மாப் பிசைவது எப்படி என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். முப்பத்தொரு வருஷத்தில் அடுப்படிப் பக்கம் நெருப்புக் கொள்ளி எடுக்கத் தவிர வேறெதற்கும் போகாத மனிதர் வீரய்யா. இப்போது காலை ஆறு மணிக்கு ஸ்டோரிலிருந்து வந்து, குளிரில் பீலியில் கொட்டும் தண்ணியில் முகத்தை அலம்பிவிட்டு, அடுப்பு மூட்டி, சமைத்து, டப்பாவில் அடைத்து, ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்து, பன்னிரண்டு மணிக்கு வாட்டு வாசலில் நிற்பார். தலைமயிரில் தேயிலைத் தூளும் சட்டையில் புகை மணமும் இருக்கும்.

"எனக்கு முன்னால சாப்பிடு நாகு" என்பார்.

"ஆளுங்க பாக்க எனக்கு எறங்காதுங்க. நீங்க போனதுக்கப்புறம் ஆறுதலா சாப்பிடுறேன்" என்பாள் அவள்.

ஒரு மணிக்கு மணி அடித்து, அவர் முதுகு வாசலைத் தாண்டியதும் டப்பா பத்தாம் கட்டிலுக்குப் போய்விடும்.

மறுநாள் அவர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான், நேற்று எப்படி இருந்தது என்று. பதில் சொல்ல வேண்டுமே. அதற்காகத் தெரேசா சாப்பிடும்போது நாகலெட்சுமி பக்கவாட்டில் தலையைத் திருப்பிக்கொண்டு கேட்டு வைத்துக்கொள்வாள். ரொட்டி எப்படி? சம்பலில் உப்பு இருக்கிறதா? தெரேசா கண்ணை மூடி மென்றுகொண்டே ஒவ்வொன்றாகச் சொல்வாள். முதல்நாள் ரொட்டி கொஞ்சம் தடிப்பு, ஆனால் ருசி. ரெண்டாம் நாள் பதம் வந்திருக்கிறது. உருளைக்கிழங்குப் பிரட்டல் கடையில் வாங்கியது மாதிரி. கருவாட்டுக் குழம்பைத் தின்ற அன்று தெரேசா விரலைச் சப்பிக்கொண்டு, "ஒன் புருஷன் கையில என்னமோ இருக்கு நாகு. நீ கெதியா எழும்பிப் போ. இல்லன்னா அந்த அடுப்பு ஒனக்குத் திரும்பக் கெடைக்காது" என்றாள்.

அதை அப்படியே மறுநாள் வீரய்யாவிடம் சொன்னாள், தான் தின்ற மாதிரி. அவர் கூச்சத்தோடு சட்டைக் கொலரைத் தடவிக்கொண்டார். நாகலெட்சுமி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பொய் சொல்லிவிட்டோம் என்பது ஒரு பக்கம். தன் புருஷன் முதல்முதலாகச் சமைத்ததைத் தான் தின்னாமல் வேறொருத்தி தின்றுவிட்டுச் சொல்கிறாளே என்பது இன்னொரு பக்கம்.

*

பத்தாம் நாள் பெரிய டொக்டர் வந்து ரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார். ரத்தம் பத்துக்கு மேலே இருக்க வேண்டும், எட்டுக்கும் கீழே இறங்கியிருக்கிறது என்றார். ஒரு போத்தல் ரத்தம் ஏற்றினார்கள். மிச்சம் சாப்பாட்டில்தான் வர வேண்டும், இந்த நிலையில் ஆபரேஷன் பட்டியலில் பெயர் போட முடியாது, எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டால் பிறகு நொண்டிக்கொண்டுதான் நடக்க வேண்டிவரும் என்று தமிழ் தெரிந்த சின்ன டொக்டர் எடுத்துச் சொன்னார். மலையில் வேலை செய்கிறீர்களா, ஏறி இறங்க வேண்டுமே அம்மா, என்றும் சொன்னார்.

நாகலெட்சுமி தலையாட்டினாள். அன்று பகல் வண்டி வந்தபோது நாலு வாய் தின்றாள். ஐந்தாவது வாயை எடுத்தபோது எதிர்க் கட்டிலுக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். கை அப்படியே தட்டில் இறங்கியது.

செய்தி கேட்ட வீரய்யா பயந்துபோனார். பதிமூன்றாம் நாள் அவர் வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. பையைக் கட்டில் பக்கத்து அலுமாரியில் வைத்துவிட்டு, ரகசியம் சொல்கிற மாதிரிக் குனிந்தார். மேட்டு லயத்து வரிசை வீடுகளில் சிவசாமி வீட்டில் ஊர்க்கோழி வாங்கினாராம். மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்திருக்கிறாராம். ரத்தம் ஊறுவதற்கு அதுதான் நல்லது என்று எல்லாரும் சொன்னார்களாம். எலும்பைக்கூட விடாமல் கடித்துத் தின் என்றார்.

அன்றைக்குத் தெரேசாவைப் புண் கழுவுவதற்காக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சாயங்காலம்வரை வரவில்லை. டப்பா திறக்காமலே இருந்தது. ராத்திரிக்குக் கெட்டுப்போகுமே என்று, வாட்டு கூட்ட வந்த பெண்ணிடம் பையோடு கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள். டப்பாவைக் காலையில் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள் அந்தப் பெண்.

மறுநாள் வீரய்யா வந்தார். வந்தவர் உட்காரவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாகலெட்சுமி முந்திக்கொண்டாள்.

"கோழிக் குழம்பு நல்லா இருந்துச்சுங்க. மொளகுதான் கொஞ்சம் ஒறப்பு. மத்தபடி ஒரு சொட்டு மிச்சம் வெக்கல."

வீரய்யா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"குழம்பு டப்பாவ நான் அடுப்படியிலயே வச்சிட்டு வந்துட்டேன் நாகு. வீட்டுக்குப் போய்த்தான் பாத்தேன். நேத்து ஒனக்குக் கொண்டாந்தது வெறுஞ்சோறு."

பத்தாம் கட்டிலில் தெரேசா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீரய்யா சத்தம் போடவில்லை. அன்று கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, ரொட்டியைப் பிய்த்து, சம்பலில் தொட்டு, அவள் வாய்க்கு நேரே நீட்டினார். ரெண்டு வாய் தின், நான் பார்க்கிறேன் என்றார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணி காதுக்குள் ஓடியது. அவர் நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு ரொட்டித் துண்டைத் திரும்ப டப்பாவில் போட்டு, மூடி, பைக்குள் வைத்துக்கொண்டு, மணி அடிக்கும் முன்பே போய்விட்டார்.

அடுத்த நாள் பன்னிரண்டுக்கு அவர் வரவில்லை. பன்னிரண்டே காலுக்கும் வரவில்லை. வெளியே பனி இறங்கி ஜன்னல் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. நாகலெட்சுமிக்கு வாசலைத் தவிர வேறெங்கும் கண் போகவில்லை. தெரேசா சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தார், வெறுங்கையோடு.

தெருவில் வழி கேட்கிற ஆள் மாதிரி கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு பேசினார். அம்மாக்கண்ணு வீட்டில் சொல்லியிருக்கிறேன், நாளையிலிருந்து அவள் சமைத்துத் தருவாள், நான் கொண்டுவருகிறேன் என்றார். அவர்கள் லயத்தில் சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் அம்மாக்கண்ணு.

"என் கை ஒனக்கு எறங்கலங்கறத மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றார். "நான் என்ன நெனச்சிக்கப் போறேன். எனக்கே தெரியும் நான் என்ன சமைக்கிறேன்னு."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. சத்தம் எழும்பாமல், கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்க கை இல்லங்க. நான் ஒருத்தர் கையிலயும் வாங்கித் திங்கல. தின்னா அடுத்தது அந்தச் சட்டிய கேக்கணும். நாலு பேரு பாக்க, படுத்த படுக்கையில. அந்த சோமாக்கா என்னவிட வயசுல மூத்தது, அது வந்து அள்ளிக்கிட்டுப் போகணும். மலையில எங்களுக்கு எங்கங்க கக்கூசு இருக்கு? காலைல ஒரு வாய் சாயத்தண்ணியோட போனா, வீட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணிகூட வாயில வெக்காம இருந்துருக்கேன், இத்தன வருசம். பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான். ஒங்களுக்குத் தெரியாது. நாங்களும் சொன்னதில்ல. அதே மாதிரி இங்கயும் இருந்துரலாம்னு நெனச்சிட்டேன்."

வீரய்யா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் மலையிலிருந்து வந்ததும் கூடையைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், லயத்துக்குப் பின்னால் ஓடுகிறவள். அதை அவர் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதற்காக அந்த ஓட்டம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மணி அடித்தது. அவர் வெளியே போனார். போனவர் வாசலோடு போகவில்லை. நடைபாதையில் சாப்பாட்டு அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்த சோமாவதியிடம் போய் நின்றார். தெரிந்த சிங்களத்தைத் தெரியாத சிங்களத்தோடு கலந்து, கையையும் ஆட்டி ஏதோ சொன்னார். படுத்த இடத்திலிருந்தே நாகலெட்சுமிக்கு அது தெரிந்தது. போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

சோமாவதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளும் தோட்டத்துப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள்தான், தமிழ் நன்றாகவே வரும். போர்வையை விலக்கினாள். முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது.

"அம்மே, நான் இருவத்தி ரெண்டு வருசம் இந்த வேல செய்யிறேன். சோறு குடுக்குறதும் என் வேல, அதுவும் என் வேல. நடுவுல சவுக்காரம் இருக்கு, தண்ணி இருக்கு, கழுவிக்கிறேன். நீ வெக்கப்பட்டுச் செத்தா நான் நர்ஸ் மிஸ்ஸிக்கு என்ன சொல்றது?"

பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, அன்றைக்குப் போர்வையைச் சரியாகப் பிடிக்காதது தன் தப்புதான் என்றாள். அவளுடைய தாய் கடைசி நாலு மாதம் படுக்கையில் கிடந்தபோது இதே மாதிரிதான் அடம் பிடித்தாளாம். அதைச் சொல்லிவிட்டு அண்டா கழுவப் போய்விட்டாள்.

*

மறுநாள் வீரய்யா பன்னிரண்டு மணிக்கு வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. மற்றக் கையில் நாகலெட்சுமியின் ரெண்டு நைலக்ஸ் சேலையும் ஒரு சுருள் கயிறும். மிஸ்ஸியிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தார். தினமும் துவைக்க வேண்டும், டொக்டர் வரும்போது விலக்கி வைக்க வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னாள். ஜன்னல் கம்பியிலிருந்து மணல் மூட்டை தொங்கும் இரும்புக் கம்பம்வரைக்கும் கயிற்றை இழுத்துக் கட்டி, சேலையை ரெண்டாக மடித்துப் போட்டார். ஸ்டோரில் பெல்ட் மாட்டுகிற ஆள், முடிச்சு இறுக்கமாக விழுந்தது. பச்சையில் மஞ்சள் பூப்போட்ட சேலை. அதற்குள்ளே வெளிச்சம் பச்சையாக விழுந்தது.

"வேணுங்கறப்ப இழுத்து விட்டுக்கலாம்" என்றார். "வெளிய தங்கச்சி நின்னுக்கும்."

தெரேசா இரும்புச் சட்டத்தை டக்கென்று தரையில் ஊன்றி, நிற்கிறேன் அண்ணே, ஈ காக்காய் அண்டாது என்றாள்.

அன்று நாகலெட்சுமி அவர் முன்னாலேயே சாப்பிட்டாள். ரொட்டியும் கட்டைச் சம்பலும். இத்தனை நாளும் தெரேசா வாயால் அவள் கேட்டுக் கேட்டுப் பழகிய ரொட்டி. முதல் துண்டை வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். ரொட்டி மாட்டுத்தோல் மாதிரி இழுத்தது. நடுவில் மா வேகவே இல்லை. சம்பலில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. ஒருவழியாக விழுங்கிவிட்டுத் தண்ணி கேட்டாள்.

வீரய்யா ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்குங்க என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது. முழு ரொட்டியையும் தின்றாள். ரெண்டாவதிலும் பாதி.

அவர் போன பிறகு பத்தாம் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"தெரேசாக்கா, இந்த ரொட்டியவா எட்டு நாளா நல்லாருக்கு நல்லாருக்குன்னீங்க?"

தெரேசா காலை நீட்டிக்கொண்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சமும் அசரவில்லை.

"கருவாட்டுக் கொழம்பு அன்னைக்கி ரெண்டு தரம் எழும்பித் தண்ணி குடிச்சேன். உப்பு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? அந்த மனுசன் ராத்திரி பூரா வேல செஞ்சிட்டு, பஸ்ஸுல மடியில வச்சிக்கிட்டு வாராரு. நான் மோசம்னு சொன்னா நீ போய் அவருகிட்ட அதயே சொல்லுவ. அவரு அடுத்த நாள் கொண்டாராம விட்டுட்டா?" தெரேசா ஜெபமாலையை மடியில் வைத்தாள். "இங்க வர்ற சோறு நல்ல சோறுதான் நாகு. கொற சொல்ல மாட்டேன். ஆனா அது எல்லாருக்கும் வர்ற சோறு. ஒருத்தர் வீட்டு அடுப்புல, ஒருத்தருக்குன்னு பொங்குன சோறு தின்னு எனக்கு மூணு வருசம் ஆச்சு. யாரு வீட்டு அடுப்பா இருந்தா எனக்கென்ன. உப்பு கூடுனா கூடிட்டுப் போகுது."

நாகலெட்சுமி கையை நீட்டினாள். ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் எட்டவில்லை. தெரேசாதான் சட்டத்தைப் பிடித்து எழுந்து வந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு தெரேசாவுக்கும் சேர்த்து டப்பா ரெண்டாக வந்தது. சம்பலுக்கு உப்பு எவ்வளவு, மாவில் தேங்காய்ப்பூ எப்போது போட வேண்டும், கல் எவ்வளவு சூடேற வேண்டும் என்று நாகலெட்சுமி படுத்த படுக்கையிலிருந்தே சொல்லிக்கொடுத்தாள். தெரேசா நடுவில் புகுந்து திருத்துவாள். வீரய்யா எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருதரம் சொன்னது மறுதரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பச்சைச் சேலையும் ஒரு நாளைக்கு ரெண்டு மூன்று தரம் இழுபட்டது. முதல் தரம் நாகலெட்சுமி உள்ளே கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். சோமாவதி கண்டும் காணாதவள் மாதிரி, கீரை விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே வேலையை முடித்தாள். அடுத்த தரம் அழவில்லை. கோடிக் கட்டில்காரி ஒருத்தி அந்தச் சேலையை நமக்கும் கொஞ்சம் தருவார்களா என்று கேட்டனுப்பினாள். ரெண்டாவது சேலை அங்கே போனது.

சாப்பாட்டு வண்டிச் சத்தம் கேட்டால் இப்போது அவளும் தட்டைத் தேடினாள். முருங்கைக்கீரை வந்த நாளில் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். சோமாவதி ரெண்டு கரண்டி கூடப் போட்டாள். இருபத்தேழாம் நாள் எடுத்த ரத்தம் பத்தரை காட்டியது. சின்ன டொக்டர் துண்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வியாழனுக்குப் பட்டியலில் பெயர் விழுந்தது.

*

வியாழக்கிழமை காலையிலிருந்து பச்சைத் தண்ணியும் கூடாது என்று கட்டிலில் அட்டை தொங்கவிட்டார்கள். பாணும் கடலையும் வந்த வண்டி அவளைத் தாண்டிப் போனது. பட்டியலில் நாலாவது பெயர். அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பதினொரு மணியாகிவிட்டது. கதவருகில் வீரய்யா நின்றிருந்தார். ஸ்டோர் உடுப்பைக்கூட மாற்றவில்லை. அவள் நெற்றியில் அவர் அவசரமாகத் தொட்டுவைத்த விபூதியில் பாதி கண்ணிமையில் விழுந்தது.

திரும்ப வாட்டுக்கு வந்தபோது மூன்று மணி. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மணல் மூட்டை இல்லை. கால் கட்டிலில் நேராகக் கிடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஆறு கிழமையில் கம்பை ஊன்றி நடக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நாலரை மணிக்குச் சாயங்காலச் சாப்பாட்டு வண்டி வந்தது. பழக்கத்தில் சோமாவதி பதினோராம் கட்டில் தட்டிலும் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டாள். சோறு, பருப்பு, முட்டைக்கோவா வறை, ஒரு துண்டு மீன். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்கு நாகலெட்சுமிக்கு மிஸ்ஸி அனுமதித்தது கொஞ்சம் தேத்தண்ணி மட்டும்தான்.

ஐந்து மணிக்கு ஆட்களை உள்ளே விட்டார்கள். வீரய்யா ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி வைத்திருந்தார். அது நாளைக்குத்தான் என்று மிஸ்ஸி தடுத்துவிட்டாள். அவர் பிளாஸ்க்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்காரும்போதுதான் நாகலெட்சுமி அவரைச் சரியாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டைக் கொலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

"நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

நேற்று ஸ்டோரில் ரெண்டு பிஸ்கட் என்றார். அதற்கு முன்னால்? சமைக்கிறதை அடைத்துக்கொண்டு வருவதற்கே நேரம் சரியாக இருக்கிறது, திரும்பிப் போனால் காம்பராவில் தனியாக உட்கார்ந்து தின்ன ஒருமாதிரி இருக்கிறது, படுத்துவிடுவேன் என்றார்.

நாகலெட்சுமி அலுமாரிமேல் இருந்த தன் தட்டைக் காட்டினாள்.

"எடுங்க."

"அது ஒன்னோடது. நோயாளிங்க சோறு."

"என் பேருலதான் வந்துச்சு. நான் சொல்றேன், எடுத்துச் சாப்பிடுங்க. என் கண்ணு முன்னாடி."

அவர் வாட்டைச் சுற்றிப் பார்த்தார். தெரேசா தன் மீனில் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தாள். சோமாவதி அந்தப் பக்கமே திரும்பவில்லை. வீரய்யா தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதல் ரெண்டு வாயை மெதுவாக, யாருக்கோ பயந்தவர் மாதிரிச் சாப்பிட்டார். அப்புறம் வேகம் பிடித்தது. மீனையும் முள்ளையும் பிரிக்கக்கூட நேரமில்லாமல் சாப்பிட்டார். நாகலெட்சுமி தேத்தண்ணியை ஒவ்வொரு கரண்டியாக உறிஞ்சிக்கொண்டு, அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு அவளுக்கும் பசியில் காந்தியது. அந்தப் பசி நன்றாகத்தான் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

வீரய்யா விரலில் ஒட்டியிருந்த பருப்பை நாக்கில் வைத்து யோசித்தார்.

"பரவால்ல. பருப்பு வேகுறதுக்கு முன்னாடியே உப்பப் போட்டுட்டாங்க. அதான் கொஞ்சம் நறுக்குன்னு இருக்கு. பருப்பு வெந்து மலந்ததுக்கு அப்புறம்தான் உப்பு போடணும் நாகு. தேங்காப்பாலு அதுக்கும் அப்புறம். ஊத்துனவொடனே எறக்கிரணும், கொதிக்க விடக்கூடாது."

அப்படியா என்று கேட்டாள் நாகலெட்சுமி. ஆமாம் என்று சொல்லி, தட்டைக் கீழே வைத்துவிட்டு, வெங்காயத்தை எந்த நேரத்தில் தாளித்துக் கொட்ட வேண்டும் என்பதையும் கையால் காட்டி அவர் விளக்க ஆரம்பித்தார். அவள் உம் கொட்டிக்கொண்டே கேட்டாள்.